ஓரத்தில் உட்கார்ந்த ஸ்டூடியோக்கா

கவரைப் பிரித்ததும் முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. பழைய படத்தில் அப்பாவின் நெற்றிக்குக் குறுக்கே ஓடிய மடிப்பு மறைந்திருந்தது. அம்மாவின் புடவைக் கரையில் படர்ந்திருந்த பூஞ்சைப் புள்ளிகளும் போயிருந்தன. ரெட்டைப் பின்னலும் பஃப் கை கவுனுமாக ஆறு வயது நான், நேற்றுதான் எடுத்ததுபோல் பளிச்சென்று நின்றுகொண்டிருந்தேன்.

அப்புறம்தான் கவனித்தேன். படத்தின் வலது ஓரம் காலியாக இருந்தது. அங்கே உட்கார்ந்திருக்க வேண்டிய ஆளைக் காணோம், வெறும் வெள்ளைச் சுவர்தான் இருந்தது. அம்மா அந்தச் சுவர்ப் பக்கம் தலையைச் சாய்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க, ஸ்டூடியோக்காவைக் காணோம்!" என்று நான் போட்ட சத்தத்தில், பால்கனியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த என் கணவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு ஓடி வந்தார். கழற்றி வைத்தால் எப்படித் தெரியும்? மறுபடியும் போய் மாட்டிக்கொண்டு வந்தார்.

"நல்லாத்தானே இருக்கு? உங்க அப்பா, அம்மா, நீ. வேற யார் வேணும்?"

அன்றைக்குத் திங்கட்கிழமை. வருகிற ஞாயிற்றுக்கிழமை ஸ்டூடியோக்கா தாம்பரத்தை விட்டே கிளம்புவதாக இருந்தார். வாழ்நாள் முழுக்கப் படம் எடுத்தவரிடம், தான் எடுத்த படம் என்று காட்ட ஒன்றுகூட மிச்சமில்லை. என்னிடம் இருந்த இந்த ஒன்றையாவது பெரிதாக்கி, சட்டம் போட்டுக் கையில் கொடுத்து அனுப்பலாம் என்றுதான் குரோம்பேட்டைக் கடையில் கொடுத்திருந்தேன். அவரை அழித்துவிட்டு மற்றவர்களை மட்டும் புதுசாக்கித் தந்திருந்தார்கள்.

திரையைக் கழற்றியவர்

போன வாரம் இந்தப் பத்தியில் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் கேன்டீனைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, "சாப்பாட்டைத் தவிர உங்களுக்கு வேறு ஞாபகமே கிடையாதா?" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். உண்டு அம்மா. இந்த வாரம் டீயும் பிஸ்கட்டும் மட்டும்தான் வரும், அதுவும் கடைசியில்.

ஸ்டூடியோக்காவின் பெயர் ரோசலின். நாகர்கோவில்காரர். சின்ன வயதில் மெட்ராசுக்கு வந்து, ஒரு பெரிய ஸ்டூடியோவில் கறுப்பு வெள்ளைப் படங்களுக்குக் கையால் வர்ணம் தீட்டும் வேலையில் இருந்தார். உதட்டுக்குச் சிவப்பு, கன்னத்துக்கு ரோஸ், நகைக்கு மஞ்சள். "மூஞ்சியில இல்லாத கலரை எல்லாம் பூசிப் பூசி எனக்கே அலுத்துப்போச்சு" என்பார். அலுத்துப்போனதும் தாம்பரம் ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு மாடியை வாடகைக்குப் பிடித்துச் சொந்தமாக ஸ்டூடியோ போட்டுவிட்டார். ஒரு பெண், அதுவும் கல்யாணமாகாத பெண், அந்தக் காலத்தில் ஸ்டூடியோ நடத்தியது பற்றி ஊரில் என்னவெல்லாம் பேசியிருப்பார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கடைக்குப் பெயர்ப் பலகை இருந்தது. அதில் என்ன எழுதியிருந்தது என்று ஒருவருக்கும் நினைவில்லை. எங்கள் எல்லோருக்கும் அது 'ஸ்டூடியோக்கா கடை'தான்.

அப்போதெல்லாம் ஸ்டூடியோ என்றால் பின்னால் ஒரு திரை தொங்கும். அரண்மனைப் படிக்கட்டு, அன்னம் மிதக்கும் குளம், இல்லாவிட்டால் தாஜ்மகால். ரயில்வேயில் வேலை பார்க்கும் எங்கள் தெருக்காரர்கள் எல்லோரும் அன்னத்துக்கு முன்னால் விறைப்பாக நிற்பார்கள். அக்கா முதல் வேலையாக அந்தத் திரையைக் கழற்றி எறிந்தார். சுவருக்கு வெள்ளையடித்து, இடது பக்கம் ஒரு பெரிய ஜன்னல் வைத்தார். அவ்வளவுதான் அவருடைய ஸ்டூடியோ.

"சுவத்தைப் பார்க்கவா ஜனங்க போட்டோ எடுத்துக்கறாங்க?" என்று மற்ற ஸ்டூடியோக்காரர்கள் சிரித்தார்களாம். சிரித்தவர்களே கொஞ்ச வருஷத்தில், ஒருவர் பின் ஒருவராக, கூடுவாஞ்சேரி வரைக்கும் அவரவர் திரையைச் சுருட்டிப் பரணில் போட்டார்கள். ஸ்டூடியோவில் மட்டுமா? கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு ஸ்டேஷன் பிளாட்பாரத்துக்குப் போவார். கட்டடமே இல்லாமல் கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீரும் கோரையுமாகக் கிடந்த பள்ளிக்கரணைக்குப் பஸ் ஏறிப் போவார். அங்கே வலை வீசுகிறவர்களை, அவர்கள் தன்னை மறக்கும் வரைக்கும் கரையில் உட்கார்ந்திருந்து எடுப்பார். இப்போது கல்யாண வீடுகளில் 'கேண்டிட்' என்று சொல்லிக்கொண்டு, நாம் வடை சாப்பிடும்போது பார்த்து எடுக்கிறார்களே பையன்கள், அதை அக்கா பெயர் எதுவும் வைக்காமல் அன்றைக்கே செய்துகொண்டிருந்தார்.

(வடை வந்துவிட்டது. வாசகி மன்னிக்க வேண்டும்.)

மூன்று பேர் ஆகாது

எங்கள் வீட்டில் நாங்கள் மூன்றே பேர். எனக்கு முன்னால் பிறந்த ஆண் குழந்தை ஒரு வருஷம்கூட இருக்கவில்லை. அம்மா அதைப் பற்றிப் பேசவே மாட்டாள். ஆனால் எனக்கு ஒரு தும்மல் வந்தால் போதும், சாமி படத்துக்கு முன்னால் போய் நின்றுகொள்வாள்.

ஒரு நாள் அப்பா ஆசையாக எங்கள் இருவரையும் ஸ்டூடியோவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். மாடி ஏறியாயிற்று, பவுடர் போட்டாயிற்று. பெஞ்சில் உட்காரச் சொன்னதும் அம்மா கேட்டாள், "மூணு பேரா எடுக்கப் போறீங்க?"

மூன்று பேராகப் படம் எடுத்தால் ஒருவருக்கு ஆகாது என்று எங்கள் பக்கத்தில் அப்படி ஒரு நம்பிக்கை. படித்தவர்கள் வீட்டிலும் உண்டு. இன்றைக்கும் செல்ஃபி எடுக்கும்போது, "ஏய், மூணு பேரா இருக்கோம், அவளையும் கூப்பிடு" என்கிற காலேஜ் பெண்களை நான் பார்த்திருக்கிறேன். மற்ற ஸ்டூடியோக்களில் இதற்கென்றே ஒரு பொம்மை வைத்திருப்பார்கள். குழந்தையின் மடியில் பொம்மையை வைத்துவிட்டால் நாலு பேர் கணக்கு வந்துவிடும்.

அப்பா சமாதானம் சொல்லிப் பார்த்தார். அம்மா கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. என் கையை அவள் பிடித்திருந்த பிடி எனக்கு இன்னமும் வலிக்கிறது.

"பொம்மை ஏதாச்சும் இருக்கா?" என்று அப்பா கேட்டார்.

"பொம்மை வச்சா எல்லாரும் பொம்மைக்குக் காவல் உட்கார்ந்த மாதிரி ஆயிடும் சார்" என்றார் அக்கா. கொஞ்ச நேரம் அம்மாவையே பார்த்தார். அப்புறம் ஒரு முக்காலியை இழுத்துக்கொண்டு வந்து அம்மாவின் அந்தப் பக்கம் போட்டு, தானே உட்கார்ந்துவிட்டார்.

கேமராவிலிருந்து நீளமான ரப்பர் குழாய் ஒன்று தரையோடு தரையாக வந்தது. அதன் முனையில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு ரப்பர் பந்து. அதை அழுத்தினால் அங்கே கேமரா படம் பிடிக்கும். பந்தை வலது கையில் மூடிக்கொண்டு, அக்கா அம்மாவின் காதருகே குனிந்து சொன்னார்:

"நாலு பேர் ஆச்சு. இனிமே எமன் வந்தாலும் ஓரத்துல இருக்கற என்னைத்தான் முதல்ல கூப்பிடணும். நான் கிறிஸ்டியன். அவர் லிஸ்டுல என் பேரே இருக்காது. தேடிட்டுத் திரும்பிப் போயிடுவாரு."

அம்மா சிரித்துவிட்டாள். கேமரா அந்தச் சிரிப்பைப் பிடித்தது. அம்மா சிரிக்கிற மாதிரி வேறு படம் எங்கள் வீட்டில் கிடையாது, அதற்கு முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. அப்பாவும் அம்மாவும் நல்ல வயது வரைக்கும் இருந்துவிட்டுத்தான் போனார்கள். நானும் பேரன் எடுத்துவிட்டேன். அக்காவை நினைக்கும்போதெல்லாம் அந்த முக்காலிதான் எனக்கு ஞாபகம் வரும். தன் வீட்டு ஆட்களுக்குக்கூட அந்த இடத்தில் போய் உட்காரப் பலர் யோசிப்பார்கள்.

அந்த முக்காலியிலிருந்துதான் தனக்கே தொழில் பிடிபட்டது என்று அக்கா பிற்பாடு என்னிடம் சொல்லியிருக்கிறார். "நான் கேமராவுக்குப் பின்னாடி நின்னா, டாக்டரைப் பார்க்கற மாதிரி பார்ப்பாங்க கீதா. பக்கத்துல போய் உட்கார்ந்தா கேமராவையே மறந்துடுவாங்க." அதற்குப் பிறகு, நாலு பேர், ஐந்து பேர் என்று வந்தவர்களைக்கூட அவர் கேமராவை விட்டு வெளியே வந்து, பக்கத்தில் நின்று பேசிக்கொண்டேதான் எடுத்தார். மூன்று பேராக வந்தால் மட்டும் நாலாவதாகப் படத்துக்குள் உட்கார்ந்துகொள்வார்.

தண்ணீர் வந்த வருஷம்

வயதான பிறகு ஸ்டூடியோவை மூடிவிட்டு, முடிச்சூர் பக்கம் ஒரு சின்ன வீட்டின் கீழ்த்தளத்தில் குடியிருந்தார். பிளாட்பாரம், பள்ளிக்கரணை, ஊரில் பாதிப் பேரின் முகம் எல்லாம் டிரங்குப் பெட்டிகளில் நெகட்டிவாகக் கட்டிலுக்கு அடியில் இருந்தன. முடிச்சூரில் வெள்ளம் வந்தபோது அக்காவைப் படகில் ஏற்றிவிட்டார்கள். பெட்டிகளை யார் ஏற்றுவார்கள்?

தண்ணீர் வடிந்ததும் நானும் போயிருந்தேன். பிலிமெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிப் பிசினாகிக் கிடந்தது. அக்கா ஒன்றைப் பிரித்துப் பார்த்தார். முகம் இருந்த இடம் விரலோடு வந்துவிட்டது. அதற்குமேல் பிரிக்கவில்லை. குப்பை வண்டிக்காரரைக் கூப்பிட்டு, "எல்லாத்தையும் எடுத்துக்கப்பா" என்றார்.

அப்புறம் சேலையூரில் ஒரு மாடி வீடு. அங்கே போய்ப் பார்க்கும்போதெல்லாம், "நான் படம் எடுத்தேன்னு சொன்னா யாரு நம்புவா கீதா? ஒண்ணு காட்டச் சொன்னா என்ன காட்டுவேன்?" என்பார். சிரித்துக்கொண்டேதான் சொல்வார். இப்போது முழங்கால் படியேற விடவில்லை. அதனால் தங்கை மகன் ஜெபராஜ் நாகர்கோவிலுக்கு அழைத்துப் போக வருகிறான். நல்ல பையன். போனில் என்னிடம், "பெரியம்மைக்கு அங்க யாரும் இல்லல்லா, அதான் கூட்டிட்டு வந்திரலாம்னு" என்றான்.

எல்லா வீட்டிலும் ஒரே ஆள்

சரி, குரோம்பேட்டைக் கடைக்கு வருவோம். கடைக்காரர் பெயர் பிரகாஷ். முப்பத்தைந்து வயது இருக்கும். பழைய படங்களைக் கம்ப்யூட்டரில் சரிசெய்து தருகிறவர். மூலப் படத்தையும் அவர் தந்ததையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன்.

"தம்பி, இங்க உட்கார்ந்திருந்தவங்க எங்க?"

"அந்த வெள்ளப் பொடவ லேடியா? யாரோ எக்ஸ்ட்ரா ஆளு குந்திகினு கீதேன்னு நான்தான் தூக்கிட்டேன் மேடம். ஃபேமிலி போட்டோல வேத்தாளு இருந்தா நல்லாவா இருக்கும்?"

"வேத்தாள்னு உங்களுக்கு யார் சொன்னா?"

பிரகாஷ் தலையைச் சொறிந்தார். "தப்பா நெனச்சிக்காதீங்க மேடம். இந்த லேடி எல்லா வூட்டு போட்டோலயும் வந்துகினே இருக்காங்க. எனக்கே ஒரே பேஜாரா கீது. போன மாசம் கூடுவாஞ்சேரி பார்ட்டி ஒண்ணு, அதுல இவங்க. அதுக்கு முன்னாடி பெருங்களத்தூர், அதுலயும் இவங்க. இவங்கள தூக்கித் தூக்கி எனக்கு கை பழகிப்போச்சு. ஒருத்தர் மட்டும், 'எங்க அத்தைய இன்னாயா பண்ணே'ன்னு சண்டைக்கு வந்துட்டாரு. மத்தவங்க யாரும் கேக்கவே இல்ல."

சண்டை போடத்தான் போயிருந்தேன். இதைக் கேட்டதும் வந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. "அந்தப் பழைய படமெல்லாம் இருக்கா?" என்று கேட்டேன்.

இருந்தது. ஒவ்வொன்றாகத் திரையில் கொண்டுவந்தார். யார் யாரோ அப்பா, அம்மா, பிள்ளை. வலது ஓரத்தில் அக்கா. ஒன்றில் முடி கறுகறுவென்று இருக்கிறது, ஒன்றில் கண்ணாடி வந்துவிட்டது, இன்னொன்றில் காதோரம் நரைத்துவிட்டது. எல்லாவற்றிலும் வலது கை மூடியிருக்கிறது. ஒரு படத்தில் தரையில் ரப்பர் குழாய்கூடத் தெரிகிறது. கெஞ்சுகிற ஜனங்களுக்காகப் போனால் போகிறதென்று அக்கா எடுத்த படங்கள், தான் எடுத்தவற்றிலேயே கணக்கில் சேர்க்காத படங்கள். அவைதான் வீடு வீடாகப் பிரிந்து போய்த் தண்ணீருக்குத் தப்பியிருந்தன. யார் எடுத்தது என்று சந்தேகமே வர முடியாது. எடுத்தவரே உள்ளே உட்கார்ந்திருக்கிறார்.

விஷயத்தைச் சொன்னதும் பிரகாஷ் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டார். "ஐயோ மேடம், போட்டோகிராபரையேவா நான் அழிச்சிட்டேன்?" என்றார்.

நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் காலம் தள்ளியவள். ஆளைத் தேடிப் பிடிப்பது எனக்குக் கைவந்த வேலை. பிரகாஷ் கொடுத்த நம்பர்களில் ஆரம்பித்து, குடியிருப்போர் வாட்ஸ்அப் குழுக்கள் வழியாக அந்த வாரம் முழுக்கக் கேட்டது ஒரே கேள்விதான்: "உங்க வீட்டுப் பழைய படத்துல, ஓரத்துல வெள்ளைப் புடவையில ஒருத்தர் உட்கார்ந்திருக்காங்களா?"

"எங்க பெங்களூர் அத்தைங்க அவங்க" என்றார் ஒருவர். "அப்பாவோட ஆபீசர் சம்சாரம்" என்றார் இன்னொருவர். "எங்க அப்பாவுக்கு அவங்கதான் ட்யூஷன் எடுத்தாங்க" என்று ஒரு பெண் சத்தியமே செய்தாள். அக்காவுக்கு இத்தனை சொந்தம் இருப்பது அக்காவுக்கே தெரியாது.

சனிக்கிழமை

சேலையூர் வீட்டின் படியில் செருப்பு வைக்க இடமில்லாமல் போய்விட்டது. ஜெபராஜ் முதலில் யாரோ வீடு மாறி வந்துவிட்டார்கள் என்று நினைத்தான். விஷயம் தெரிந்ததும் பாலுக்கும் பிஸ்கட்டுக்கும் ஓடினான். எல்லோரும் அவரவர் வீட்டுப் படத்தைக் கொண்டுவந்திருந்தார்கள். பிரகாஷ் தன்னிடம் இருந்தவற்றை அக்காவோடு சேர்த்து மறுபடி பிரின்ட் போட்டு, ஒரு ஆல்பமாகக் கொண்டுவந்திருந்தார்.

அக்கா பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். அழுவார் என்று நான் கைக்குட்டையோடு தயாராக இருந்தேன். அவர் எங்கே அழுதார்? "இவர் சட்டை வெளுத்துப் போச்சு. இந்தக் குழந்தை அசைஞ்சிடுச்சு. இது பரவாயில்ல. இது... இது நல்லாவே வந்திருக்கு!" என்றார். கடைசியாகச் சொன்னபோது குரல் உடைந்துவிட்டது.

பிரகாஷ் அழித்த எங்கள் படத்தையும் விளையாட்டாகக் காட்டினேன். அக்கா அதை வெகு நேரம் பார்த்துவிட்டுச் சிரித்தார். "இதைத்தான் நான் எடுக்கணும்னு இருந்தேன், உங்க அம்மாதான் விடல" என்றார். அப்புறம் அம்மாவின் கன்னத்தின் மேல் விரலை வைத்தார். "ஜன்னல் அந்தப் பக்கம். இந்தக் கன்னம் இருட்டா இருக்கணும் இல்லையா? எப்படி வெளிச்சமா இருக்கு?"

எனக்குத் தெரியவில்லை. பிரகாஷ் மட்டும் குனிந்து பார்த்துவிட்டு, "உங்க பொடவைல பட்டு வந்த வெளிச்சமா?" என்றார்.

"அதுக்குத்தான் வெள்ளை கட்டுவேன். விதவைன்னு நினைச்சுட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன். ஆளை அழிச்சிட்டீங்க, இதை விட்டுட்டீங்களே" என்று சொல்லி அவர் கையில் ஒரு தட்டுத் தட்டினார். அத்தனை வருஷமாக நான் பார்த்துக்கொண்டிருந்த அம்மாவின் முகத்து வெளிச்சம் அக்கா கொடுத்தது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. கைக்குட்டை எனக்கே தேவைப்பட்டது.

எல்லோரும் போன பிறகும் ஒரு பெண்மணி மட்டும் துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அஸ்தினாபுரத்திலிருந்து வந்தவர், பெயர் விமலா. பையிலிருந்து தயங்கித் தயங்கி ஒரு சட்டம் போட்ட படத்தை எடுத்தார். அதில் அக்கா மட்டும் இருந்தார். கண்ணாடியின் மேல் சந்தனப் பொட்டு காய்ந்திருந்தது.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. எங்க வீட்டுக்காரர் உங்களை அவர் அப்பாவோட அக்கான்னு நினைச்சுட்டார். மாமனார் மாமியார் போனப்ப, அந்தப் பழைய படத்துல இருந்து அவங்க ரெண்டு பேரையும் தனித்தனியா பெரிசு பண்ணினோம். கூடவே உங்களையும்..." அவருக்கு அழுகை வந்துவிட்டது. "உயிரோட இருக்கறவங்களுக்குப் போய் மாலை போட்டுட்டோம்."

ஜெபராஜ் டீத் தட்டோடு அப்படியே நின்றுவிட்டான். நான் அக்காவின் முகத்தைப் பார்க்கவே பயந்தேன்.

"தினமும் பூ போடுவீங்களா?" என்று கேட்டார் அக்கா.

"வெள்ளிக்கிழமை தவறாம. நேத்து காலையிலகூட. சாயங்காலம்தான் இவங்க போன் வந்துச்சு. உடனே கழட்டிட்டேன்மா."

அக்கா அந்தப் படத்தை வாங்கி, சந்தனப் பொட்டைத் தொட்டுப் பார்த்தார்.

"எனக்கப்புறம் யாரு ஒரு பூ வைப்பாங்கன்னு நிறைய நாள் யோசிச்சிருக்கேன்" என்றார். "அது பாட்டுக்கு ஒரு வீட்டுல நடந்துட்டு இருந்திருக்கு." விமலாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "கழட்டாதீங்கம்மா. கொண்டுபோய் பழைய இடத்துலயே மாட்டுங்க."

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆல்பத்தை மடியில் வைத்துக்கொண்டு காரில் ஏறிப் போனார். அடுத்த வெள்ளிக்கிழமை, பூ போட்ட படத்தை விமலா எனக்குச் செல்போனில் அனுப்பியிருந்தார். யோசித்து யோசித்து அதை நாகர்கோவிலுக்கு அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் ஜெபராஜின் போனிலிருந்து அக்காவின் குரலில் பதில் வந்தது.

"சரம் நீளமா இருக்கு கீதா, மூஞ்சிய மறைக்குது. கொஞ்சம் ஏத்திப் போடச் சொல்லு."